ஆண்டாள் வம்புக்கு இழுத்த கும்பகர்ணன்

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தி மகன் போட்ட படம் இது: முறுக்கு மீசையும் தொப்பையுமாகக் கும்பகர்ணன் மல்லாந்து கிடக்கிறான், காதருகே ஒருவன் முரசு அடிக்கிறான், கீழே ‘ஒன்பது மணி மீட்டிங்குக்கு அம்மா என்னை எழுப்பும்போது’ என்று ஒரு வரி. தம்பி நைட் ஷிப்ட் பார்ப்பவன், ராமாயணம் படித்தவனில்லை. ஆனாலும் படம் அவனுக்கும் பிடிபடுகிறது, எண்பது வயதுப் பாட்டிக்கும் பிடிபடுகிறது. எப்படி?

மீம் என்ற சொல்லை 1976-ல் உருவாக்கியவர் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ். மரபணு உடலுக்கு உடல் போவதுபோல எண்ணமும் தலைக்குத் தலை தாவுகிறது, தாவும்போது கொஞ்சம் மாறுகிறது, திரும்பச் சொல்லத் தோன்றுவதுதான் பிழைக்கிறது என்றார். சரி, எது பிழைக்கும்? கேம்பிரிட்ஜில் உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் இதைச் சோதித்து 1932-லேயே எழுதிவிட்டார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஒருவர் படித்து நினைவிலிருந்து எழுத, அதைப் படித்து அடுத்தவர் எழுத, அப்படியே கைமாறக் கைமாறக் கதை சுருங்கியது, பழக்கமில்லாத விவரங்கள் உதிர்ந்தன, சீல் வேட்டைக்குப் போனவர்கள் மீன் பிடிக்கப் போனவர்களாக மாறினார்கள்.

கும்பகர்ணனிடம் மிஞ்சியது தூக்கம். அதற்கும் காரணம் உண்டு. பெரும்பாலும் நம்மைப் போலவே இருந்து, ஓரிரு இடத்தில் மட்டும் இயல்பை மீறும் உருவம் மனதில் நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்கிறார் மானுடவியலாளர் பாஸ்கல் போயர். கும்பகர்ணனுக்கும் பசிக்கும், கோபம் வரும், அண்ணன் மேல் பாசம் உண்டு, ஆனால் படுத்தால் ஆறு மாதம். எழுப்ப முடியாத யாரைப் பார்த்தாலும் அவன் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது.

இணையம் இதைத் தொடங்கிவைக்கவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஆண்டாள் திருப்பாவையின் பத்தாம் பாசுரத்தில், கதவைத் திறக்காமல் தூங்கும் தோழியிடம், கும்பகர்ணன் உன்னிடம் தோற்றுத் தன் பெருந்துயிலை உனக்கே கொடுத்துவிட்டானா என்று கேட்கிறாள். இன்றைய மீமின் வேலையும் அதேதான்: எல்லோருக்கும் தெரிந்த ஒரு முகம், பக்கத்தில் நம் வீட்டு ஆள்.

எனக்கு வலிப்பது உதிர்ந்துபோன மிச்சம். சீதையை விட்டுவிடு என்று அண்ணனிடம் சொன்னவன் அவன். அண்ணன் கேட்கவில்லை. தோற்போம் என்று தெரிந்தும், செஞ்சோற்றுக் கடனுக்காகப் போருக்குப் போனான். நேற்று ராத்திரி தம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். வாசலில் ஆபீஸ் கேப் ஹார்ன் அடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

“தெரிஞ்சேவா போனான்? அப்புறம்?” என்றான்.