ஷண்டிங்: பெட்டி கோக்கிற வேலைக்கு ஒரு பெயர்

பெரியப்பா வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சந்து உண்டு. ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அகலம் அவ்வளவுதான். மறுமுனையில் சுவர். ரங்கூன் நடுநகரத்துப் பழைய கட்டடங்களில் குடியிருந்தவர்களுக்கு அந்த இருட்டும் ஈரவாடையும் பழக்கமாக இருக்கும். ஐந்து குடித்தனங்களின் சைக்கிள்களும் ராத்திரி அந்தச் சந்தில்தான் நிற்கும். விடிகாலையில் கிளம்புகிறவருடைய சைக்கிள் சுவரோரம் மாட்டிக்கொண்டால் போச்சு, மற்ற நான்கையும் தெருவுக்கு இழுத்துப் போட்ட பிறகுதான் அதை எடுக்க முடியும்.

ரங்கூனில் சரக்கு ரயில் பெட்டிகள் நிற்கும் மல்வாகோன் கூட்ஸ் யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பா இந்தச் சிக்கலைத் தானாகத் தன் தலையில் போட்டுக்கொண்டார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கீழே இறங்கி, “நாளைக்கு யாருக்கு முதல் ஷிஃப்ட்?” என்று படிக்கட்டில் நின்று குரல் கொடுப்பார். பதில் வந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு, கடைசியாகப் போகிறவருடைய சைக்கிளை முதலில் உள்ளே தள்ளுவார். முதலில் போகிறவருடையது வாசலோரம். ஒரு நாள் என்னையும் உதவிக்கு இழுத்துவிட்டு, “டேய் தம்பி, இதுதான்டா ஷண்டிங். இதுக்குத்தான் எனக்கு முப்பது வருஷம் சம்பளம் குடுத்தாங்க” என்றார்.

இதைவிட நல்ல விளக்கம் எனக்கு எந்த அகராதியிலும் கிடைக்கவில்லை. கொஞ்சம் விரித்துச் சொன்னால்: பல ஊர்களிலிருந்து வந்த சரக்குப் பெட்டிகளைக் கழற்றி, அடுத்து எந்த ஊருக்குப் போக வேண்டுமோ அந்த வரிசையில் திரும்பச் சேர்த்து, புது வண்டியாக அனுப்புவது ஷண்டிங். பயணிகள் வண்டியிலும் இது உண்டு. ஆனால் அங்கே பெட்டி வரிசை பெரும்பாலும் மாறாது. கூட்ஸ் வண்டிதான் இந்த வேலைக்குத் தாய்வீடு. வழியில் முதலில் வருகிற ஊரில் கழற்ற வேண்டிய பெட்டி நடுவில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் முழுத் தலைவலியும். எட்டுப் பெட்டிகளில் ஐந்தை எடுத்து ஒரு குறிப்பிட்ட வரிசையில் நிறுத்துவதற்கு மொத்தம் 6,720 வழிகள் இருக்கின்றன. அதில் ஒன்றுதான் சரி. யார்டில் நிற்பது எட்டா, நூறா?

இனி சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘ஷண்ட்’ என்பது ரயிலைவிட அறுநூறு ஆண்டு மூத்தது. 13ஆம் நூற்றாண்டில் அதற்குத் திடுக்கிட்டு ஒதுங்குவது, விலகுவது என்று பொருள். விலக்குவதைக் குறிக்கும் ‘ஷன்’ என்ற சொல்லோடு அதற்கு உறவு இருக்கலாம் என்பார்கள். பேச்சு வழக்கில் பிழைத்துக் கிடந்த இந்தச் சொல்லை 1840களில் ரயில்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். முக்கியப் பாதையிலிருந்து பெட்டியைப் பக்கத்துத் தடத்துக்கு ஒதுக்கிவிடுவதால் அந்தப் பெயர். பிறகு அங்கிருந்து மின்சாரத்துக்குப் போனது: ஒரு கருவி வழியாகப் பாயும் மின்னோட்டத்தில் ஒரு பங்கைப் பக்க இணைப்பில் ஒதுக்கிவிடும் தடையும் ஷண்ட்தான். மூளையில் தேங்கும் நீரை வேறு வழியில் வடியவிட மருத்துவர்கள் வைக்கும் குழாயும் ஷண்ட்தான்.

இதே வேலையை அமெரிக்கர்கள் ‘ஸ்விட்சிங்’ என்கிறார்கள். தடம் பிரிகிற இடத்தில் பிரிட்டிஷ்காரன் ‘பாயிண்ட்ஸ்’ என்றதை அமெரிக்கன் ‘ஸ்விட்ச்’ என்றான். ஸ்விட்ச் என்றால் ஆதியில் மெல்லிய குச்சி, குதிரை ஓட்டும் சாட்டைக்குச்சி. நம் வீட்டுச் சுவரில் இருக்கிற சுவிட்சுக்கு முன்பே ரயில் சுவிட்ச் வந்துவிட்டது. பெரிய யார்டைக் குறிக்க ‘மார்ஷலிங் யார்டு’ என்றும் ஒன்று உண்டு. அந்த மார்ஷலும் ராணுவ மிடுக்கோடு பிறந்தவர் இல்லை, பழைய ஜெர்மானிய மொழியில் அவர் குதிரைக்குப் புல் போட்டவர். ஆக, ரயில் யார்டின் ஆங்கிலச் சொற்களைத் தட்டிப் பார்த்தால் லாயத்து வாடைதான் வருகிறது. வாடை மட்டுமா? இங்கிலாந்தில் பெட்டி இழுக்க உண்மையான குதிரைகளையே வைத்திருந்தார்கள். அதில் கடைசிக் குதிரையான சார்லி, நியூமார்க்கெட் ஊரில் ஓய்வு பெற்றது 1967இல்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த யார்டைத் ‘திரியாஜ்’ என்கிறார்கள், தரம் பிரிப்பது என்று பொருள். பெரிய விபத்து நடந்தால் ஆஸ்பத்திரி வாசலில் யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று பிரிக்கிறார்களே, அதற்கும் இதே சொல்தான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நம்மவர்கள் ‘சண்டிங்’ என்று எழுதுவதைப் பார்த்து, ‘சண்டி’ மாட்டிலிருந்துதான் இந்தச் சொல் போனது, ஆகவே ஷண்டிங் தமிழ்தான் என்று யாராவது கிளம்பிவிடலாம். சண்டித்தனம் பண்ணும் மாடும் மிரண்டு ஒதுங்கும் குதிரையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலி ஒத்துப்போவது உறவாகிவிடாது. மேட்டில் ஏறாமல் நின்ற பழைய நீராவி எஞ்சினைப் பெரியப்பா ‘சண்டி’ என்று திட்டியது உண்மை, அது வேறு கணக்கு.

பர்மியர்கள் என்ன சொல்கிறார்கள்? ரயிலுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மீ யத்தா’. மீ என்றால் நெருப்பு. யத்தா என்பது பாலி மொழியின் ‘ரத’. நெருப்புத் தேர்! இலங்கைத் தமிழர் புகையிரதம் என்றதும் இதே பார்வைதான், அங்கே புகை, இங்கே நெருப்பு. அதைவிட எனக்குப் பிடித்தது ரயில் பெட்டிக்கு அவர்கள் சொல்லும் ‘த்வே’. வினையாக வந்தால் அதே சொல்லுக்குச் சேர்ப்பது, இணைப்பது என்று பொருள். பெட்டி என்பது ஒரு கூடு என்று பாராமல், சேர்க்கப்பட்ட ஒன்று என்று பார்த்திருக்கிறார்கள். யார்டில் நின்று பார்த்தவன் வைத்த பெயர் போலிருக்கிறது.

பர்மாவில் ரயில் ஓடத் தொடங்கியது 1877இல், ரங்கூனிலிருந்து ப்ரோம் வரை 161 மைல், மீட்டர் கேஜ் பாதை. 1889இல் மாண்டலே வரை போய்விட்டது. போருக்கு முன்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 30 லட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்த நாடு இது. ஆற்றில் வந்தது போக மீதி ரயிலில் வந்தது. மரக்கிடங்கில் யானை தேக்கை அடுக்கியது, யார்டில் மனிதன் பெட்டியை அடுக்கினான். கூட்ஸ் யார்டு என்பது நாட்டுக்கே முடிச்சு மாதிரி, அதனால்தான் இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டு விமானங்கள் மல்வாகோன் யார்டில் குண்டு போட்டன. பர்மா ரயில் என்றதும் அதே போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயிலையும் அந்தப் பாதை போடும்போது மாண்ட மலாயாத் தமிழர்களையும் நினைப்பவர்கள் உண்டு. அது தனியே எழுத வேண்டிய கதை.

யார்டில் தமிழ், தெலுங்கு, இந்தி, பர்மியம் எல்லாம் புழங்கின. எல்லாருக்கும் பொதுவாகப் புரிந்தவை கப்ளிங் (இணைக்கும் கொக்கி), வேக்கம் (பிரேக்), லூப் (விலகிப் போய்த் திரும்பச் சேரும் தடம்), சைடிங் (பெட்டியை ஒதுக்கும் தடம்) மாதிரிச் சொற்களும் விளக்கின் அசைவும்தான். இந்திய ரயில் விதிகளில் இன்றும் இருக்கிற சைகைகள் அவை. பச்சை விளக்கை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் ‘என்னை விட்டுத் தள்ளிப் போ’. உடம்புக்குக் குறுக்கே இடமும் வலமுமாக அசைத்தால் ‘என்னை நோக்கி வா’. தலைக்கு மேல் தூக்கி மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினால் ‘கோக்கப் போகிறோம், பைய வா’. பெரியப்பாவுக்கு இந்த மூன்றாவது சைகை கடைசிவரை கையை விட்டுப் போகவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் ரசம் ஊற்றுகிறவரிடம் “கொஞ்சமா” என்று சொல்வதற்குப் பதில் கையைத் தூக்கி மணிக்கட்டைத் திருப்புவார்.

கண்ணைவிடக் காதுதான் அவருக்குக் கருவி. எஞ்சின் வந்து முதல் பெட்டியை முட்டினால் அந்த இடி பெட்டி பெட்டியாகப் பின்னால் ஓடும். டக், டக், டக் என்று ஓடி, தூரத்தில் கடைசிப் பெட்டியில் போய் அடங்கும். அவர் எண்ணுவார். ஒரு டக் குறைந்தால் எங்கோ ஒரு கொக்கி ஏற்கெனவே விறைத்து நிற்கிறது அல்லது ஒரு பெட்டி கழன்று கிடக்கிறது. ஒரு தடவை அவரோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் லஃபே யே என்கிற பர்மா டீக் கோப்பை, தூரத்தில் யார்டு. பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டவர், “பத்தொன்பது” என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றத் தொடங்கினார். நான் போய் எண்ணிப் பார்க்கவில்லை, அவர் சொன்னால் பத்தொன்பதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தடம் மாற்றல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் எக்ஸ்பிரஸ் வண்டிகூடத்தான் சில ஸ்டேஷன்களில் தடம் மாறுகிறது, அது ஷண்டிங் ஆகிவிடுமா? பெட்டியைக் கழற்றுவதும் சேர்ப்பதும் இந்தச் சொல்லில் இல்லவே இல்லை. ‘தடம் மாறினான்’ என்றால் ஒழுக்கம் தவறினான் என்று வேறு பொருள் வந்து தொலைக்கிறது. பிரெஞ்சுப் பாணியில் ‘பெட்டி பிரித்தல்’ என்றால் பாதி வேலைதான். பிரித்ததை யார் சேர்ப்பது?

என் ஓட்டு ‘கோத்தல்’ என்பதற்கு. ஊசியில் நூல் கோக்கிறோம், மணி கோக்கிறோம், கை கோக்கிறோம். பேச்சில் ‘கோர்த்தல்’ என்று ஒரு ர் ஏறிவிட்டது, பரவாயில்லை. இந்த வினையில் வரிசை இருக்கிறது, இணைப்பு இருக்கிறது, தப்பாகப் போனால் உருவிவிட்டு மறுபடி கோக்கலாம் என்ற சலுகையும் இருக்கிறது. தொடர்வண்டி என்று வண்டிக்குப் பெயர் வைத்துவிட்ட மொழிக்கு அந்தத் தொடரை உண்டாக்கும் வேலைக்கு இது பொருந்தித்தான் வரும். பர்மியரின் ‘த்வே’யோடும் ஒத்துப்போகிறது.

பெயர்ச்சொல் ஆக்கும்போதுதான் இடிக்கிறது. ‘கோப்பு’ என்றால் அலுவலக ஃபைல். அதுவும் இதே வினையில் பிறந்ததுதான், தாள்களை நூலில் கோத்து வைத்த காலத்து உறவு. ‘கோவை’ என்றாலோ கோயம்புத்தூர் பஸ் வந்து நிற்கிறது. ஆகவே தனியாக விடாமல் ‘பெட்டி கோத்தல்’ அல்லது ‘வண்டி கோப்பு’ என்று எழுதலாம். யார்டுக்குக் ‘கோப்புக் களம்’ சரியாக வரும். நெல்லடிக்கிற களத்தில் பதரும் மணியும் பிரிவதைப் பார்த்தவர்களுக்குக் களம் என்ற சொல்லை விளக்க வேண்டாம். சைடிங் என்பது பக்கத்தடம். முட்டுச்சுவர் உள்ளதாக இருந்தால் முட்டுத்தடம்.

அந்த முட்டுத்தடம் கணினிக்குள்ளும் இருக்கிறது. நெதர்லாந்தின் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1961இல் எழுதிய ஒரு வழிமுறைக்கு ஷண்டிங் யார்டு என்றே பெயர். 3 + 4 × 2 என்று எழுதினால் பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்று இயந்திரத்துக்கு எப்படிச் சொல்வது? எண்கள் நேர்ப்பாதையில் போகட்டும், குறிகளைப் பக்கத்தடத்தில் தள்ளு என்றார் அவர். முதலில் + உள்ளே போகிறது, பிறகு × அதன் முன்னால் வந்து நிற்கிறது. வெளியே எடுக்கும்போது × முதலில், + கடைசியில்: 3 4 2 × +. அதாவது முதலில் 4ஐயும் 2ஐயும் பெருக்கு, பிறகு 3ஐக் கூட்டு. கடைசியாக நுழைந்தது முதலில் வெளியேறும். படிக்கட்டுக்குக் கீழே பெரியப்பா செய்தது இதைத்தான், அவர் பங்குக்கு மிதிகட்டை மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டார்.

பேச்சுத் தமிழில் ஷண்டிங் வேறு ஒரு வேலையும் செய்கிறது. ஒரு கையெழுத்துக்காக ஒரு ஆபீசில் ஐந்து மேசைக்கு முன்னும் பின்னும் நடந்திருக்கிறேன். “ஷண்டிங் அடிக்க விட்டுட்டாங்க” என்றுதான் வீட்டில் வந்து சொன்னேன். ‘வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றுவேன்’ என்று ரயிலை வசவில் சேர்த்துக்கொண்ட மொழிக்கு இதெல்லாம் சாதாரணம். இந்த இடத்தில் ‘கோத்தல்’ செல்லாது. இங்கே ஷண்டிங்கை அப்படியே விட்டுவிடலாம்.

வேலையே இப்போது குறைந்துவிட்டது. உதிரிப் பெட்டிகளைச் சேர்த்து அனுப்பும் பழக்கம் போய், ஒரே சரக்கை ஒரே வண்டியாக ஏற்றி ஒரே ஊரில் இறக்குவது வந்துவிட்டது. இந்தியாவில் 1980களிலேயே அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மிச்சத்தை லாரியும் கன்டெய்னரும் எடுத்துக்கொண்டன. பர்மாவில் நீராவி எஞ்சின்கள் 2000க்குப் பிறகும் ஓடியதால் வெளிநாட்டிலிருந்து கேமராவோடு ஆட்கள் வந்து போனார்கள். பெரியப்பாவுக்கு அது புரியவே இல்லை. “புகையைப் படம் எடுக்கிறானுங்க. கொக்கி மாட்டுற கையை எவனாவது எடுத்தானா?”

‘பெட்டி கோத்தல்’ என்ற சொல்லை அவரிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். சைக்கிள் சங்கிலியில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். அப்புறம் சங்கிலியைச் சுற்றிவிட்டு, “ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு, மழையில, எஞ்சின்ல இருக்கிற பர்மாக்காரனுக்கு நீ இதைக் கத்திச் சொல்லணும்டா தம்பி. அதுக்கு விளக்குதான் சரி” என்றார்.