குரல் தட்டச்சு: சிவப்புக் கோடு விழாத பிழைகள்

கையால் தட்டும்போது நேரும் பிழை பெரும்பாலும் பொருளற்ற சொல்லாக நிற்கும். 'விண்ணப்பம்' என்பது 'விண்ணபம்' ஆகிவிட்டால் கண்ணை உறுத்தும். பிழைதிருத்தி இருந்தால் அதுவும் சிவப்புக் கோடு போடும். வாயால் சொல்லி எழுத வைக்கும்போது கதையே வேறு. மென்பொருள் தனக்குத் தெரிந்த சொற்களிலிருந்துதான் ஒன்றை எடுத்துப் போடுகிறது. தப்பாகக் கேட்டாலும் நல்ல தமிழ்ச் சொல்லையே எழுதும். 'பணி நீட்டிப்பு' 'பனி நீட்டிப்பு' ஆகலாம், 'இரண்டு அறை' 'இரண்டு அரை' ஆகலாம். கோடு விழாது. மெய்ப்புப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது இவற்றைத்தான்.

கூகுள் டாக்ஸில் தமிழ்க் குரல் தட்டச்சு இருக்கிறது. கணினியில் குரோம் உலாவியில் ஆவணத்தைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங்கைச் சொடுக்கலாம்; விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் போதும். மைக் படத்துக்கு மேலே உள்ள பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்கு தமிழ் இருக்கும்; உங்கள் பேச்சுக்கு நெருக்கமானதை எடுங்கள். மைக் சிவப்பானபின் பேசுங்கள். அவசரப்பட்டால் முதல் சொல் விழுங்கப்படும். வேறு டேப்புக்குப் போனாலே மைக் அணைந்துவிடும். அது தெரியாமல் அரைப் பக்கம் பேசித் தீர்ப்பவர்கள் உண்டு. செல்பேசிச் செயலியில் இந்த மெனு இல்லை. அங்கே விசைப்பலகையின் மைக்கைத்தான் பயன்படுத்த வேண்டும்.

பேசும் விதம்தான் பாதி வேலை. சொல் சொல்லாக நிறுத்திப் பேசுவது தெளிவு என்று பலர் நினைக்கிறார்கள், விளைவு நேர்மாறு. 'அறை'யா 'அரை'யா என்பதை முன்பின் சொற்களை வைத்தே மென்பொருள் ஊகிக்கிறது. ஐந்தாறு சொற்கள் கொண்ட தொடராகச் சொன்னால் அதற்குப் பிடிமானம் கிடைக்கும். பேச்சு வழக்கையும் தவிர்த்துவிடுங்கள். 'முடியுது' என்று சொல்லி அது 'முடியாது' என்று பதிவானால் கடிதத்தின் பொருளே தலைகீழாகும். 'முடிகிறது' என்றால் அந்தக் குழப்பமில்லை.

அடுத்த தொல்லை நிறுத்தற்குறி. டாக்ஸில் குரல் கட்டளைகள் ஆங்கிலத்தில் மட்டுமே இயங்கும். தமிழில் 'முற்றுப்புள்ளி' என்றால் அந்தச் சொல்லையே எழுதி வைக்கும். இதையே சாதகமாக்கிக்கொள்ளலாம். வாக்கியம் முடியுமிடமெல்லாம் அப்படியே சொல்லிக்கொண்டு போங்கள். கடைசியில் கண்ட்ரோல், எச் அழுத்தி, முன்னால் ஓர் இடைவெளியோடு அந்தச் சொல்லைத் தேடிப் புள்ளியாக மாற்றுங்கள். இடைவெளியைச் சேர்க்காமல் தேடினால் புள்ளி சொல்லோடு ஒட்டாமல் தள்ளி நிற்கும். அது ஒரே சொல்லாக விழுகிறதா, 'முற்று புள்ளி' என்று பிரிகிறதா என முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் கலந்திருந்தால் இரண்டு முறை மாற்ற வேண்டும்.

புல எண், தொகை, தேதி, தலைப்பெழுத்து, ஊர்ப்பெயர் ஆகியவற்றைச் சொல்லவே வேண்டாம். '112/3ஏ' என்பதை வாயால் வரவழைக்கும் நேரத்தில் பத்து முறை தட்டிவிடலாம். அந்த இடத்தில் 'வெற்றிடம்' போன்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் பிறகு தேடி நிரப்புங்கள்.

திருத்தும்போது, கணினியை வாசிக்கச் சொல்லிக் கேட்பது ஓரளவுக்கே உதவும். ஒலி, ஒளி, ஒழி வேறுபாடு காதில் விழும். ஆனால் ரகர றகரமும் நகர னகரமும் ஒன்றுபோலவே ஒலிப்பதால், காது வழியாக நுழைந்த அந்தப் பிழையைக் காதால் பிடிக்க முடியாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். 'அவரை பார்த்து' போன்ற இடங்களில் விடுபடும் வல்லின ஒற்றுகளும் அப்படியே. பேசி முடித்த சூட்டோடு திருத்தாதீர்கள். சொன்னது நினைவில் இருக்கும்வரை, எழுதியிருப்பது கண்ணில் படாது.

உங்கள் பேச்சை எழுத்தாக்குவது உலாவியின் சேவை; பேச்சு உங்கள் கணினிக்கு வெளியே போகக்கூடும். ஆகவே ஆதார் எண், நோயாளி விவரம் போன்றவற்றைக் கையாலேயே தட்டுங்கள்.

அச்சகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் இன்னொன்று: குரல் தட்டச்சு தருவது ஒருங்குறி (யூனிகோட்) எழுத்து. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஒருங்குறி அல்லாத பாமினி எழுத்துருவில் வேலை செய்யும் இடத்தில் அதை அப்படியே ஒட்ட முடியாது. எழுத்துரு மாற்றியில் போட்டாக வேண்டும். மாற்றும்போது சில எழுத்துகள் சிதறலாம் என்பதால், கடைசி மெய்ப்பை மாற்றிய பிரதியில் பாருங்கள்.