கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை: மருத்துவமனை அலைக்கழிப்பும் சட்டம் சொல்வதும்

பதினெட்டு வயது நிரம்பிய ஒரு பெண் தன் கர்ப்பத்தைக் கலைக்க முடிவு செய்தால், இந்தியச் சட்டம் அவரிடம் கேட்கும் சம்மதம் ஒன்றே ஒன்றுதான்: படிவம் சி-யில் அவருடைய சொந்தக் கையெழுத்து. கணவர், மாமியார், பெற்றோர் என வேறு எவருடைய ஒப்புதலையும் 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் கேட்கவில்லை. மனநோய் உள்ளவருக்கும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கும் மட்டுமே பாதுகாவலரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சட்டம் வந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் பல மருத்துவமனைகளின் புறநோயாளிகள் பிரிவில் இன்றும் முதலில் எழும் கேள்வி, "வீட்டுக்காரர் வரலையா?" என்பதுதான்.

சட்டத்தின் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2021 செப்டம்பர் 24 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, குறிப்பிட்ட சில நிலைகளில் உள்ள பெண்களுக்கு மட்டும், இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக, அரசு அமைத்த மருத்துவர் குழுவான மருத்துவ வாரியம் சொன்னால் வார வரம்பு கிடையாது. பெண்ணின் உயிரைக் காக்க உடனடியாகக் கலைத்தே ஆக வேண்டும் என்ற நிலையில், எந்த வாரமானாலும் ஒரே மருத்துவர் முடிவெடுக்கலாம். பிரான்சில் 14 வாரம் வரை காரணமே சொல்ல வேண்டியதில்லை. பெண் கேட்டாலே போதும். இந்தியாவில் வரம்பு அதைவிட நீளம் என்றாலும், எல்லாம் மருத்துவர் எழுதும் கருத்தை நம்பியே நிற்கிறது. அதாவது நம் சட்டம் பெண்ணுக்கு உரிமை என்று கொடுத்ததைவிட, மருத்துவருக்குத் தண்டனையிலிருந்து பாதுகாப்பு என்று கொடுத்ததுதான் அதிகம். அலைக்கழிப்பு முழுவதும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

ஆகவே காரணத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கர்ப்பம் தொடர்வது உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடும் பாதிப்பை உண்டாக்கும் என்பது சட்டம் ஏற்கும் காரணம். அதை எடைபோடும்போது பெண்ணின் குடும்பச் சூழலையும் வாழ்க்கை நிலையையும் மருத்துவர் கணக்கில் கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. கருத்தடை முறை பலனளிக்காமல் உண்டான கர்ப்பம் என்றால், 20 வாரம் வரை அதனால் வரும் வேதனையையே மனநலப் பாதிப்பாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆணுறை கிழிந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்று கேட்க எவருக்கும் அதிகாரம் இல்லை.

வாரக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவதே மருத்துவக் கணக்கு. உடலுறவு கொண்ட நாளோ பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு தெரிந்த நாளோ தொடக்கம் அல்ல. மாதவிடாய் சீராக வருபவருக்கு நாள் தள்ளிப்போனது தெரியும்போதே நான்கு வாரம் கழிந்திருக்கும். "இன்னும் ரெண்டு மாசம்கூட ஆகலை" என்று நம்பி வருபவர் ஸ்கேனில் பத்து வாரத்தைத் தாண்டியிருப்பது சாதாரணமாக நடக்கிறது. தேதி நினைவில் இல்லையென்றால் ஸ்கேன் சொல்லும் வாரமே கணக்காகிவிடும் என்பதால், மருத்துவமனைக்குப் போகும் முன் அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்காக நாள் கடத்துவது எப்படிக் கேடாக முடியும் என்பதற்கு, நான் அருகிலிருந்து பார்த்த ஒருவரைச் சொல்லலாம். இரண்டு குழந்தைகளின் தாய். கணவர் குவைத்தில் ஓட்டுநர். ஒன்பதாவது வாரத்திலேயே மருத்துவமனைக்குப் போய்விட்டார். மாத்திரையிலேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். "கணவர் கையெழுத்தும் ஆதார் நகலும் இல்லாமல் அட்மிஷன் போட முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். குவைத்திலிருந்து வாட்ஸ்ஆப்பில் வந்த கடிதத்தை அச்செடுத்துக் கொண்டுபோனால், "இது செல்லாது, நேரில் வரச் சொல்லுங்கள்" என்றார்கள். கடைசியில் மாமனாரின் கையெழுத்து எப்படியோ செல்லுபடியானது. அதற்குள் பதின்மூன்றாவது வாரம் பிறந்துவிட்டதால், "இங்கே பன்னிரண்டு வாரம் வரைக்கும்தான்" என்று வேறு ஊருக்கு எழுதிக் கொடுத்தார்கள். சட்டத்தில் இல்லாத ஒரு தாளுக்காக அவர் நான்கு வாரத்தை இழந்தார். அதைக் கேட்டவர்களிடம் யாரும் காரணம் கேட்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு வாரக் கணக்கு மட்டும் உண்மையானது: சில தனியார் மருத்துவமனைகளின் அங்கீகாரம் அதுவரைக்குத்தான். அரசு மருத்துவமனைகளுக்குத் தனி அங்கீகாரம் தேவையில்லை. தனியார் மருத்துவமனை மாவட்டக் குழுவிடம் அங்கீகாரம் பெற்று, அந்தச் சான்றிதழை, அதாவது படிவம் பி-யை, வருபவர் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் 12 வாரம் வரைக்கு மட்டுமா, அதற்கு மேலுமா என்பதை முன்பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். சான்றிதழே சுவரில் இல்லாத இடத்தில், மருத்துவர் எவ்வளவு பெயர் பெற்றவராக இருந்தாலும், காலை வைக்காதீர்கள். அங்கீகாரமற்ற இடத்தில் கலைப்பது மருத்துவருக்குக் குற்றம். சிக்கல் வந்தால் உங்களை முதலில் வெளியே அனுப்பப் பார்ப்பதும் அத்தகைய இடங்கள்தான்.

பழைய விதியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களையும் சந்திப்பீர்கள். 12 வாரத்துக்கு மேல் இரண்டு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும் என்பது 2021க்கு முந்தைய கதை. அதேபோல் 'திருமணமான பெண், அவரது கணவர்' என்று முன்பு இருந்த இடத்தில் இப்போது 'எந்தப் பெண்ணும், அவரது துணைவரும்' என்ற பொருளில் சட்டவாசகம் மாற்றப்பட்டுவிட்டது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 24 வாரம் வரையிலான வாய்ப்பில் திருமணமாகாதவரை வேறுபடுத்தக் கூடாது என்று சொன்னதோடு நிற்கவில்லை. குடும்பத்தார் சம்மதம், கூடுதல் ஆவணங்கள், நீதிமன்ற அனுமதி என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடுவதையும் கண்டித்தது. தாலி இருக்கிறதா என்று கழுத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சின் தொனியை மாற்றும் ஊழியர்களுக்கு இந்தத் தீர்ப்பு இன்னும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு நிபந்தனை அரசு மருத்துவமனைகளில் அதிகம் காதில் விழும்: "காப்பர்-டி போட்டுக்கொண்டால்தான்", இரண்டு குழந்தை இருந்தால் "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் சேர்த்துச் செய்துகொண்டால்தான்". கருத்தடை பற்றி ஆலோசனை சொல்வது மருத்துவரின் கடமை. அதைக் கருக்கலைப்புக்கு விலையாகக் கேட்பது சட்டத்தில் இல்லை. அறுவை சிகிச்சை வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போடாமல், எது படிவம் சி, எது கருத்தடை அறுவைக்கான சம்மதம் என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

20 வாரத்தைத் தாண்டிவிட்டால் பட்டியல் சுருங்குகிறது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள் அல்லது மணவிலக்குப் பெற்றவர்கள், கடும் உடல் ஊனமோ மனநோயோ உள்ளவர்கள், கருவில் பெருங்குறைபாடு கண்டறியப்பட்டவர்கள், அரசு அறிவித்த பேரிடர்ச் சூழலில் சிக்கியவர்கள் ஆகியோருக்கு 24 வாரம் வரை வழி உண்டு. இரண்டு மருத்துவர்கள் படிவம் ஈ-யில் எழுதினால் போதும். இங்கேதான் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாருங்கள்" என்ற பேச்சு வரும். 22 வாரக் கர்ப்பத்துக்கு, இந்தப் பட்டியலில் இருப்பவருக்கு, நீதிமன்ற உத்தரவு தேவையே இல்லை. பாலியல் வன்முறை என்றால் எஃப்ஐஆர் பதிவாகியிருக்க வேண்டும் என்று கேட்பதும் தவறு. மேற்சொன்ன தீர்ப்பே அதைத் தெளிவாக்கிவிட்டது. கணவரே கட்டாயப்படுத்தியதால் உண்டான கர்ப்பத்தையும், இந்தச் சட்டத்தின் பயன்பாட்டுக்கு மட்டும், அந்தத் தீர்ப்பு பாலியல் வன்முறையாகவே கொள்கிறது.

கருவின் குறைபாட்டைப் பார்க்கும் ஸ்கேன் பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கப்படுகிறது. அதில் சந்தேகம் எழுந்து, பெரிய ஊரில் மறு ஸ்கேன் எடுத்து, அதன் முடிவு கைக்கு வருவதற்குள் 24ஐ நெருங்கிவிடுவார்கள். தாண்டிவிட்டால் மருத்துவ வாரியம்தான். விண்ணப்பம் கிடைத்த மூன்று நாளுக்குள் வாரியம் கருத்துச் சொல்ல வேண்டும். அனுமதித்தால் ஐந்து நாளுக்குள் சிகிச்சை நடக்க வேண்டும். இந்த நாள்கணக்கு விண்ணப்பம் பெறப்பட்ட நாளிலிருந்து ஓடுவதால், பெற்றுக்கொண்ட தேதியும் முத்திரையும் உள்ள நகலை வாங்காமல் இடத்தைவிட்டு நகராதீர்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தவர்களுக்கு "அடுத்த வாரம் மீட்டிங்" என்ற பதில்தான் கிடைக்கும். குறைபாடு எதுவும் இல்லாமல் 24 வாரத்தைத் தாண்டியவர்கள் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்றாலும், பெரிதாக நம்பிவிட வேண்டாம். பிரசவத்துக்குப் பிந்தைய மனநோயோடு போராடிய இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவருக்கு, 26 வாரத்தைக் கடந்துவிட்டதாலும் கரு நலமாக இருந்ததாலும், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது.

பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண் என்றால், சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் குறுக்கே வருகிறது. மருத்துவர் காவல் துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். அதற்கு அஞ்சியே குடும்பங்கள் போலி மருத்துவர்களிடம் போய்ச் சேருகின்றன. சம்மதத்தோடு நிகழ்ந்த உறவில் உண்டான கர்ப்பம் என்றால், பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளிப்படுத்த வேண்டியதில்லை என்று 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொல்கிறது. சிறுமியின் பராமரிப்பைக் கையில் வைத்திருப்பவரே சட்டத்தின் கண்ணில் பாதுகாவலர். தகப்பனார்தான் வர வேண்டும் என்பதில்லை.

மாத்திரைகள் ஒன்பது வாரம் வரைக்கு மட்டும், மருத்துவரின் சீட்டோடு மட்டும். கடைக்காரர் ரகசியமாகத் தரும் பட்டையை விழுங்கிவிட்டுக் காத்திருப்பது சட்டச் சிக்கலைவிட உயிர்ச் சிக்கல். கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்தை இந்த மாத்திரை கலைக்காது, குழாய் வெடிக்கும் ஆபத்து அப்படியே இருக்கும். ஏற்கெனவே விழுங்கிவிட்டவர், மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் நனையும் அளவுக்கு இரண்டு மணி நேரம் தொடர்ந்து இரத்தம் போனால், யார் என்ன சொல்வார்களோ என்று தயங்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சிகிச்சை பெற்றவரின் பெயரையும் விவரங்களையும் சட்டம் அனுமதித்தவரைத் தவிர வேறு எவரிடம் வெளியிட்டாலும் ஓராண்டு வரை சிறை உண்டு என்பதை ஊழியர்களுக்கு நினைவூட்டலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த விதிகளை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையே இன்றும் நடப்பில் இருக்கிறது. தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே விலக்கு, வன்புணர்வுக்குக்கூட இல்லை. சிங்கப்பூரில் 24 வாரம் வரை செய்யலாம் என்றாலும், ஆலோசனை பெற்றபின் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போனவருக்குக் கதவு திறக்காது. மலேசியாவில் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ ஆபத்து என்று மருத்துவர் கருத வேண்டும். வளைகுடா நாடுகளுக்கு இந்த மாத்திரைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகவே போகாதீர்கள்.

இங்கே யாராவது மறுத்தால் வாதாடிக்கொண்டு நிற்க வேண்டாம். மறுப்பதற்கான காரணத்தைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதுமே பாதிப் பேர் வழிக்கு வந்துவிடுகிறார்கள். எழுதவும் மறுத்தால், மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு அன்றே புகார் கொடுத்துவிட்டு, அதன் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நீதிமன்றம் போக வேண்டியிருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு, தொலைபேசி எண் 15100. வருமானச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னால், பெண்களுக்கு அது தேவையில்லை என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவைச் சொல்லுங்கள்.