கிரெடிட் ஸ்கோர்: கடன் புள்ளியா, நாணயப் புள்ளியா?

மூன்று மாதத்துக்கு முன்பு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் சிசிரிஸ் என்னும் கடன் பதிவு அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு வந்தான். கார் கடன் கேட்டு இரண்டு இடத்தில் கிடைக்கவில்லை. "அண்ணே, நான் மாசாமாசம் கட்டுறேன், ஆனா இதுல எல்லாமே கோசோங்கா இருக்கு, ஒண்ணுமே ஏறலையா?" என்றான், முகம் வெளுத்துப்போய்.

கோசோங் என்றால் மலாயில் சுழியம், அதுதான் அங்கே நல்லது. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸில் கடைசி 12 மாதத்துக்கு, புதிய மாதத்திலிருந்து தொடங்கி, ஒரு கட்டம் வீதம் இருக்கும். தவணை பாக்கி இல்லாத மாதத்துக்கு 0, ஒரு மாதம் பாக்கி நின்றால் 1, இரண்டு மாதம் என்றால் 2. அவனுக்குப் பதினொரு 0, நாலாவது கட்டத்தில் ஒரே ஒரு 1. அடுத்து அவன் கேட்டதுதான் என்னை இதை எழுத வைத்தது: "அப்போ கடனை எல்லாம் கட்டி முடிச்சிட்டா என் கடன் புள்ளியும் கோசோங் ஆயிடுமா?"

ஆகாது. பாதிக் குழப்பம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஒருவர் கடனை ஒழுங்காகத் திருப்பித் தருவாரா என்று காட்டும் எண்தான் கிரெடிட் ஸ்கோர். அதைக் கடன் புள்ளி, கடன் மதிப்பெண் என்றால் கடனுக்குப் போடும் மார்க் என்றுதானே காதில் விழும்?

கிரெடிட் லத்தீன் வழி வந்த சொல். அதன் வேர்ச்சொல்லுக்கு 'நம்பு' என்று பொருள். நம்பி ஒப்படைத்ததுதான் கிரெடிட். ஸ்கோர் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது, கணக்குக்காகக் குச்சியில் கத்தியால் போட்ட வெட்டுத்தடத்தைக் குறித்தது. இரண்டையும் சேர்த்தால் நம்பிக்கைக்குப் போட்ட தடம். நம் 'கடன்' வேறு வழியில் வந்த சொல். அதன் பழைய பொருள் கடமை. "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்ற புறநானூற்று அடியில் ஒரு தாய் சொல்வது அந்தக் கடனைத்தான், காலைக்கடன், இறுதிக்கடன் என்று நாம் இன்றும் சொல்வதும் அதுவே. ஆக கிரெடிட் கொடுப்பவன் வைக்கும் நம்பிக்கையைச் சொல்கிறது, கடன் வாங்கியவன் தலையில் இருக்கும் கடமையைச் சொல்கிறது. ஒன்றைத் தூக்கி இன்னொன்றின் இடத்தில் அப்படியே வைத்தால் பொருள் புரண்டுவிடும்.

சரி, நம்மிடம் அந்த நம்பிக்கைக்குச் சொல் இல்லையா? இருக்கிறது. தோட்டத்தில் லயத்துப் பிள்ளையாக வளர்ந்தவர்களுக்கு மளிகைக் கடையின் 555 புத்தகம் நினைவிருக்கும். உள்ளங்கை அகலத்தில் சின்னப் புத்தகம், பக்கத்துக்கு ஒரு குடும்பம், அரிசி, பருப்பு, மீன் டின் எல்லாம் பென்சிலில். சம்பள நாளில் அப்பா பணத்தை எண்ணி வைத்ததும் கடைக்காரர் அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுப்பார், கேட்காமலே அடுத்த அரிசி மூட்டையை எடுத்துப் போடுவார். "நாணயமான ஆளு" என்பார். கடனே வாங்காத குடும்பத்தை அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, வாங்கிச் சொன்ன நாளில் திருப்பித் தந்தவரைத்தான் சொன்னார்.

அதனால் என் தேர்வு 'கடன் நாணயப் புள்ளி'. நாணயம் பணத்தையும் குறிக்கும், வெறும் 'நாணயப் புள்ளி' என்றால் வெள்ளியின் (ரிங்கிட்டின்) மதிப்போ என்று தோன்றும், முன்னால் கடன் வேண்டும். நாணயம் வடசொல் உறவுள்ளது, வேண்டாம் என்பவர்கள் 'கடன் நம்பகப் புள்ளி' எனலாம். மதிப்பெண்ணைவிடப் புள்ளி நமக்குப் பழக்கம், தமிழ்ப்பள்ளியில் வாங்கியதெல்லாம் புள்ளிதான்.

இப்போது தம்பியின் கதைக்கு வருவோம். சிசிரிஸ் புள்ளி போடுவதில்லை, பதிவை மட்டும் காட்டும். சிடோஸ் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள்தான் 300 முதல் 850 வரை புள்ளி தருகின்றன. நேரத்தில் கட்டுவது அதில் பெரிய பங்கு, அப்புறம் எவ்வளவு பாக்கி என்பது. இவனுடைய கடன் அட்டையின் வரம்பு 6,000 வெள்ளி, பாக்கி 5,700. ஒரு மாதம் தவிர ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், கழுத்துவரை கடனில் நிற்பவனாகத்தான் தெரிவான். மாதம் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 விழுக்காடு, அதாவது 285 வெள்ளி. வட்டி, 12 மாதமும் தவறாதவருக்கு ஆண்டுக்கு 15, ஒன்றிரண்டு தவறினால் 17, அதற்கும் மேல் 18 விழுக்காடு. இவனுக்கு 17. முதல் மாத வட்டியே 80 வெள்ளி, 285 கட்டினால் அசலில் 205 குறையும், அதே மாதம் பெட்ரோலுக்கும் சாமானுக்கும் 200 தேய்த்தால் பாக்கி நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு வருடமாக அதுதான் நடந்திருக்கிறது.

அட்டையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாதம் 700 வெள்ளி கட்டச் சொன்னேன். முடியாமல் போனால் கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே அமைப்புக்குப் போ, ஆலோசனை இலவசம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னேன். மூன்று தவணை கட்டிவிட்டான், பாக்கி 3,800 வெள்ளிக்கு வந்திருக்கிறது. நேற்று புது அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினான்: நாலாவது கட்டத்தில் இருந்த அந்த 1 ஏழாவது கட்டத்துக்கு நகர்ந்திருக்கிறது, அதற்கு முன்னால் வரிசையாக ஆறு கோசோங்.