ஓரியன் நெபுலா: கண்ணுக்குச் சாம்பல், கேமராவுக்குச் சிவப்பு

ஓரியன் நெபுலா என்பது விண்வெளியில் ஒளிரும் ஒரு வாயு மேகம். தொலைநோக்கியில் முதல்முறையாக அதைப் பார்த்துவிட்டு வந்த வாசகர் ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார்: "படத்திலெல்லாம் செக்கச்செவேல் என்று இருக்கிறது. நேரில் பார்த்தால் சாம்பல் பூசிய மாதிரி ஒரு கறை. படத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறார்களா?"

இல்லை. கண், கேமரா இரண்டுமே உண்மையைத்தான் சொல்கின்றன. ஆளுக்கு ஒரு பாதி.

பார்க்காதவர்களுக்கு முதலில் வழி சொல்லிவிடுகிறேன். டிசம்பர் முதல் மார்ச் வரை முன்னிரவில், ஒரே வரிசையில் நெருங்கி நிற்கும் மூன்று நட்சத்திரங்கள், வேட்டைக்காரன் உருவமாகச் சொல்லப்படும் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டை. அதற்கு வடக்கே சற்றுத் தள்ளிச் செம்மையாகத் தெரிவது திருவாதிரை. (திருவாதிரைக்காரர்களுக்குப் பலன் கேட்டு எழுதாதீர்கள். ஒரு லட்சம் ஆண்டுக்குள் அந்த நட்சத்திரமே வெடித்துவிடும் என்கிறார்கள், அதற்கு எந்தப் பரிகாரமும் கிடையாது.) பட்டைக்குத் தெற்கே சின்னதாக ஒரு வாள் தொங்கும். அதன் நடுவில் கலங்கலாகத் தெரிவதுதான் நம் ஆள். ஒரு சாதாரண பைனாகுலரே போதும். தொலைநோக்கி இருந்தால் நடுவில் நான்கு நட்சத்திரங்கள் நெருக்கமாகத் தெரியும். டிரப்பீசியம் என்று பெயர்.

அந்த நான்கில் மிகப் பிரகாசமானதுதான் இந்த வீட்டுக்கே விளக்கு. சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவில், இருபது ஒளியாண்டுக்கு மேல் பரந்து கிடக்கும் வாயு. அதிலிருந்து பிறந்த இளம் நட்சத்திரம், தன் புறஊதாக் கதிரால் அதே வாயுவைச் சுடுகிறது. ஹைட்ரஜன் அணுக்கள் எலெக்ட்ரானை இழக்கின்றன, பிறகு பிடித்துக்கொள்கின்றன. பிடிபட்ட எலெக்ட்ரான் ஆற்றல் படிகளில் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும்போது, மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு வருகையில் 656.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி வெளிவருகிறது. படத்தில் பார்க்கும் சிவப்பு இதுதான். பள்ளிக்கூடத்தில் படித்த நீல்ஸ் போரின் அணு மாதிரிதான் என்பதால் இங்கே நிற்க வேண்டாம்.

சிவப்போடு பச்சை ஒளியும் அங்கிருந்து வருகிறது. எனக்குப் பிடித்தது அந்தப் பச்சை.

1864இல் லண்டனில் வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ், சொந்தக் காசில் வீட்டோடு அமைத்த ஆய்வகத்திலிருந்து ஒரு நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். வானவில் வரவில்லை, தனித்தனியாகச் சில கோடுகளே வந்தன. மெல்லிய வாயு ஒளிர்ந்தால்தான் இப்படித் தனிக் கோடுகள் வரும். அப்படியென்றால் அது வாயு. ஆனால் பளிச்சென்று தெரிந்த பச்சைக் கோடு எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. ஓரியனிலும் அதே கோடு. சூரிய ஒளியில் தெரிந்த அடையாளமில்லாத மஞ்சள் கோடு ஹீலியம் என்று பின்னால் உறுதியானதல்லவா, அந்தத் தைரியத்தில் இதற்கும் 'நெபுலியம்' என்று பெயர் வைத்துக் காத்திருந்தார்கள். தனிம அட்டவணையில் காலி இடங்கள் குறைந்துகொண்டே வந்தன. நெபுலியம் மட்டும் வரவேயில்லை.

1927இல் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன் முடிச்சை அவிழ்த்தார். அது நாம் மூச்சுவிடும் ஆக்சிஜன்தான், இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த நிலையில், அதாவது அயனியாக. சுற்றித் திரியும் எலெக்ட்ரான் ஒன்று மோதினால் அந்த அயனி ஓர் உயர்நிலைக்குப் போகிறது. வழக்கமாக அணுக்கள் இப்படி ஏறினால் கோடியில் ஒரு பங்கு வினாடிக்குள் ஒளியை விட்டுவிட்டு இறங்கிவிடும். இந்த ஆக்சிஜனுக்கோ இறங்கும் வழி கிட்டத்தட்ட அடைபட்டிருக்கிறது. சராசரியாக அரை நிமிடத்துக்கு மேல் அப்படியே நிற்க வேண்டும். அணு உலகில் அது ஒரு யுகம். நம் அறைக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள். அந்த நெரிசலில் அரை நிமிடம் இடிபடாமல் நிற்பது, தீபாவளிக்கு முந்தைய நாள் கோயம்பேட்டில் அசையாமல் நிற்பது மாதிரி. யாராவது இடித்து, அயனியிடம் இருந்த ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அன்றைய வெற்றிடக் குழாய்களிலும் இதே கதைதான்.

ஓரியன் நெபுலாவிலோ ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் துகள்கள்தான். இடிக்க ஆளில்லை. அயனி தன் நேரம் வரும்வரை நிற்கிறது, 500.7 நானோமீட்டரில் ஒரு பச்சை ஒளித்துகளை விடுகிறது. வாயு மெலிந்திருப்பதாலேயே அந்தக் கோடு பிரகாசமாக இருக்கிறது!

இன்று யாராவது இந்தக் கோட்டை ஆராய நிதி கேட்டால், 'இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?' என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்? விடை தெரிய 63 ஆண்டுகள் ஆயின. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இன்று மிகப் பழைய விண்மீன் திரள்களில் ஆக்சிஜனைத் தேடுவது இதே கோட்டை வைத்துத்தான். அடிப்படை ஆராய்ச்சிக்கு மூன்றாண்டுத் திட்ட அறிக்கை கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சரி, கண்ணுக்கு வருவோம். இருட்டில் வேலை செய்பவை விழித்திரையின் குச்சி செல்கள். அவற்றின் கூர்மை உச்சத்தில் இருப்பது ஏறக்குறைய 500 நானோமீட்டரில், அதாவது ஆக்சிஜன் கோட்டின் மேலேயே. சிவப்பு 656இல் அவை ஏறக்குறைய குருடு. இவற்றுக்கு நிறமும் தெரியாது. அதனால் ஆக்சிஜனின் ஒளி நமக்குச் சாம்பலாகத் தெரிகிறது. பெரிய தொலைநோக்கியில் சிலருக்கு லேசாகப் பச்சை தட்டும். நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள், மங்கலான சிறகுகள் விரிவது தெரியும். குச்சி செல்கள் ஓரங்களில்தான் அதிகம்.

கேமராவுக்குக் காத்திருக்கத் தெரியும். 1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்க வானியலாளர் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் திறந்துவைத்து எடுத்ததுதான் ஒரு நெபுலாவின் முதல் புகைப்படம். இன்று 50 மி.மீ. லென்ஸ், டிரைபாட், ஐந்தாறு வினாடி எக்ஸ்போஷர் போதும், இளஞ்சிவப்பு வந்துவிடும். ரத்தச் சிவப்பு வரவில்லையே என்று கேமராவை மாற்றிவிடாதீர்கள். சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் 656இன் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. வானப் படக்காரர்கள் அதைக் கழற்றிவிட்டு எடுப்பார்கள். ஒன்றுக்குப் பதில் ஐம்பது படம் எடுத்து, மென்பொருளில் அடுக்கிச் சேர்த்தால் புள்ளிப் புள்ளியான இரைச்சல் அடங்கும். நடுப்பகுதி மட்டும் வெளுத்துப்போகும், அதற்குத் தனியாக ஓரிரு வினாடிப் படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

நகரத்து மொட்டை மாடிதான் வாய்த்தது என்றால், 500.7, 656.3 என்ற இரண்டு கோடுகளையும் அவற்றை ஒட்டியதையும் மட்டும் உள்ளே விடும் ஃபில்டர்கள் கிடைக்கின்றன. தெருவிளக்கு வெளிச்சத்தில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். விலை ஒரு நல்ல லென்ஸ் அளவுக்கு வரும், அதனால் முதல் சீசனில் பைனாகுலரே போதும்.