வெட்டி எறிந்த இரண்டு அங்குலம்

சென்ற மழைக்காலத்தில் புதுச்சேரி வெள்ளை நகரத்து வீடு ஒன்றிலிருந்து பழைய உருவப்படம் ஒன்று என் மேசைக்கு வந்தது. பொய்முடி தரித்த ஐரோப்பியக் கனவான். தாள் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். இந்தக் கடற்கரை ஈரத்தில் அது வழக்கம்தான். ஆனால் படத்தின் அடிப்பகுதியையே காணவில்லை.

"சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கடைக்காரர் வெட்டிவிட்டார். வெறும் எழுத்துதானே சார்?" என்றார் கொண்டுவந்தவர்.

அந்த எழுத்தில்தான் ஆளே இருந்தார்.

செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டால் கீறிய இடம் மட்டும் அரிக்கும். அந்தப் பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்துவார்கள். இந்தப் படம் உருவான இந்த முறைக்குத்தான் எச்சிங் என்று பெயர். தகட்டின் விளிம்பும் தாளில் அமுங்கிப் பதியும், விரலுக்குத் தட்டுப்படும். அந்த வரம்புக்குள் இருப்பது அத்தனையும் படம்தான்.

பெரும்பாலும் முகத்துக்குக் கீழே பெயர், பட்டம், பதவி, நடுவில் குலச்சின்னக் கேடயம். கறுப்பு மையில் கேடயத்தின் நிறத்தை எப்படிக் காட்டுவது? 17ஆம் நூற்றாண்டிலேயே வழி கண்டுவிட்டார்கள்: புள்ளிகள் பொன், நெடுக்குக் கோடுகள் சிவப்பு, கிடைக்கோடுகள் நீலம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் வண்ணங்களே தெரியும். இந்த அந்தஸ்துச் சின்னங்கள் அற்பம் என்று தோன்றினால், 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி பிரெஞ்சு ஆளுநரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுங்கள். யாருக்குப் பல்லக்கு, யாருக்கு எத்தனை பீரங்கி வேட்டு என்பதை மனிதர் எவ்வளவு கவனமாகக் குறித்திருக்கிறார்!

எல்லோரும் பட்டத்தைப் பறைசாற்றியதில்லை. 1647இல் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், யான் சிக்ஸ் என்பவரை வரைந்த எச்சிங்கில், ஆம்ஸ்டர்டாமின் அந்தப் பணக்கார இளைஞர் சன்னலோரம் சாய்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறார். வாள் இருட்டில் ஒதுங்கிக் கிடக்கிறது. படிக்க ஓய்வு இருக்கிறது என்று காட்டுவதும் ஓர் அந்தஸ்துதான். என்னைக் கேட்டால், கேடயத்தைவிடச் சத்தமான அந்தஸ்து.

உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் ஓரத்தை வெட்டவோ மடிக்கவோ வேண்டாம். சட்டத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். கண்ணாடி தாளைத் தொடாதபடி அமிலமில்லாத அட்டையால் இடைவெளி கொடுங்கள். ஓதம் ஏறும் சுவரில் மாட்டாதீர்கள்.

கனவானைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரசீதில் படத்தின் பெயருக்கு நேரே 'பொய்முடி அணிந்த ஆண்' என்று எழுதினேன்.