மீன் குட்டை மானியத்தை உலக வர்த்தக ஒப்பந்தம் நிறுத்துமா?

"மீனுக்கு மானியமே குடுக்கக் கூடாதுன்னு உலக அளவுல சட்டம் வந்துருச்சாமே, இனி குட்டைக்குப் பணம் வராதுங்களா?" பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு விடலாம் என்று யோசிக்கும் கொங்கு விவசாயிக்கு இந்தக் கேள்வி வருவது நியாயம்தான். கவலை வேண்டாம். அந்த ஒப்பந்தம் கடலுக்கு மட்டும்.

உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2022 ஜூன் 17 அன்று ஜெனீவாவில் முடிவானது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பு நாடுகள் ஒப்புதல் தந்த பிறகு, 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோதமாகவோ கணக்குக் காட்டாமலோ மீன் பிடிப்போருக்கு அரசு உதவி கூடாது. அளவுக்கு மீறிப் பிடித்து அருகிப்போன இனங்களை மீட்க வழி செய்யாமல், அவற்றைப் பிடிக்க உதவி கூடாது. எந்தக் கண்காணிப்பு அமைப்புக்கும் உட்படாத ஆழ்கடலில் பிடிக்கவும் உதவி கூடாது. மீன் வளர்ப்பும் உள்நாட்டு மீன்பிடிப்பும் இதில் சேராது என்று முதல் பிரிவின் அடிக்குறிப்பே சொல்லிவிடுகிறது. ஆக மேட்டூர், பவானிசாகர் அணைகளில் பரிசலில் வலை போடுவோருக்கும் இதனால் பாதிப்பில்லை.

போதாததற்கு, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த அன்று ஒப்புதல் தந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. பெரிய கப்பல்களை விட்டுக் கடலைக் காலி செய்த நாடுகள் முதலில் மானியத்தைக் குறைக்கட்டும், எங்கள் சிறு மீனவர்களுக்கு அவகாசம் கொடுங்கள் என்பது நம் தரப்பு வாதம். அதில் தப்பு சொல்ல முடியாது.

சரி, குட்டைக்கு என்ன கிடைக்கும்? 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம்தான் முக்கியமானது. புதிய நன்னீர்க் குளம் அமைக்க ஹெக்டேருக்கு 7 லட்சம் ரூபாய், குஞ்சு, தீவனம் போன்ற இடுபொருளுக்கு ஹெக்டேருக்கு 4 லட்சம் என்று மதிப்பு வைத்திருக்கிறார்கள். அதில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம். கோபி பக்கம் ஓர் ஏக்கரில் குளம் வெட்டி மீன் விடுவதாக வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பு ஏறக்குறைய 4.45 லட்சம் வரும். பொதுப் பிரிவு ஆண் விண்ணப்பித்தால் சுமார் 1.78 லட்சம், பெண் விண்ணப்பித்தால் சுமார் 2.67 லட்சம். ஆனால் நம் பக்கம் பட்டா பெரும்பாலும் ஆண்கள் பேரில்தானே இருக்கிறது! அந்த 60 சதவீதம் பல வீடுகளுக்குக் காகிதத்தோடு சரி.

இது பின்னேற்பு மானியம். முதலில் கைக்காசோ வங்கிக் கடனோ போட்டு வேலையை முடிக்க வேண்டும். அதிகாரிகள் வந்து பார்த்த பிறகுதான் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். வேலை உத்தரவு கைக்கு வருமுன் பொக்லைன் வைத்துத் தோண்டிவிட்டு, அப்புறம் மானியம் கேட்டு அலையாதீர்கள். திட்டம் 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. அதனால் இப்போது உங்கள் மாவட்டத்துக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்று மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல்களைத் தயார் செய்யுங்கள். நிலம் குத்தகை என்றால் பத்திரம் பதிவு செய்ததாக இருக்க வேண்டும்.

சீக்கிரம் வளருது, கோழிக் கழிவைப் போட்டாலே போதும் என்று யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அதை வளர்க்கத் தடை இருக்கிறது. மானியம் கிடைக்காதது மட்டுமல்ல, துறையினர் வந்து மொத்த மீனையும் அழித்துவிடுவார்கள்.

அணையில் மீன் பிடிப்போருக்கு இதே திட்டத்தில் விபத்துக் காப்பீடு உண்டு. இறந்தாலோ நிரந்தரமாக முழுதும் முடங்கினாலோ 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை. பிரீமியம் முழுவதையும் அரசே கட்டுகிறது. பட்டியலில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று மட்டும் மீனவர் கூட்டுறவு சங்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.